அத்தி மரத்துக் கம்பளிப்பூச்சி

சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஜூலை மாதத்தில் ஒரு நாள் ரூபியின் கைபேசிக்கு மூன்று படங்கள் வந்தன. அனுப்பியவர் ஜெயபிரியா. ஐந்தருவிக்குப் போகும் வழியில் இருக்கும் சின்னத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. மழை ஈரத்தில் எடுத்த படங்கள், பாதி கலங்கியிருந்தன. கறுப்பாக, மயிர் முளைத்த புழுக்கள் கூட்டமாக இலை தின்றுகொண்டிருந்தன.

"ஸ்கூல் சுவருக்கு வெளிய நிக்கிற அத்தி மரம் மேடம். புழு உள்ள வந்து விழுது. பதினேழு பிள்ளைங்களுக்கு அரிப்பு, தடிப்பு. இது என்ன பூச்சி? விஷமா?"

ரூபி தென்காசியில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். வயது முப்பத்தெட்டு. ஆறு வருடமாகக் குற்றாலம் மலையடிவாரத்து அந்துப்பூச்சிகளைப் படமெடுத்துப் பட்டியல் போட்டு வந்தாள். இருநூற்றுப் பதினோரு வகை சேர்ந்திருந்தது. சுற்று வட்டாரத்தில் யார் எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் அவளுக்குத்தான் படம் அனுப்புவார்கள். அவளும் உடனே பதில் சொல்வாள். அந்த வேகத்தில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அன்றும் ஆசிரியர் அறையில் டீ ஆறுவதற்குள் பதில் எழுதிவிட்டாள். "இது லைமான்ட்ரியா வகைக் கம்பளிப்பூச்சி. மயிர் தோலில் பட்டால் அரிக்கும், காற்றிலும் பறக்கும். பிள்ளைகளை மரத்துப் பக்கம் விடாதீர்கள்."

அரை மணி நேரத்தில் ஜெயபிரியா கூப்பிட்டார். பெற்றோர்கள் சத்தம் போடுகிறார்கள், மரத்தை வெட்டப் பேரூராட்சியில் மனு கொடுக்கப் போகிறோம், நீங்கள் ஒரு கடிதம் தந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார். ரூபி தாளை எடுத்தாள். 'மேற்படி மரத்தில் உள்ள பூச்சிகள் குழந்தைகளின் உடல்நலத்துக்குக் கேடு விளைவிப்பவை என்று சான்றளிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அந்தப் புழுக்களில் நாலைப் பிடித்து வளர்த்து, அந்துப்பூச்சியாக வெளிவரும்போது படமெடுத்துப் பட்டியலில் சேர்க்கலாம் என்று பிளாஸ்டிக் டப்பாவோடு அங்கே போனாள். மரம் பெரிய மரம். பள்ளிச் சுவரைத் தாண்டி உள்ளேயும் கிளை விரித்திருந்தது. அதன் அடியில் ஒரு பலகைக் கடை. மங்குஸ்தான், ரம்புட்டான், பிள்ளைகளுக்கு உப்பு மிளகாய் தடவிய மாங்காய்க் கீற்று. கடைக்காரி பெயர் குழல்வாய்மொழி. ஐம்பது வயதைத் தாண்டிய பெண். புருஷன் கேரளாவில் லாரி ஓட்டப் போய் அங்கேயே தங்கிவிட்டதால், இரண்டு பெண்களையும் இந்தக் கடையை வைத்தே கட்டிக் கொடுத்தவள்.

ரூபி இடுக்கியால் புழுக்களை எடுப்பதைப் பார்த்து அவள் எழுந்து வந்தாள்.

"நீங்கதான் எழுதிக் குடுத்த டீச்சரா?"

"ஆமா."

"டீச்சர், வருசா வருசம் சாரலுக்கு இது வரத்தான் செய்யுது. எலைய மொட்டையா தின்னுட்டுத் தரையில எறங்கிப் போயிரும். ஆவணிக்குள்ள புது எல வந்துரும். இருவத்திரெண்டு வருசமா இதுக்கு அடியில இருக்கேன். தலையில விழுது, மடியில விழுது. ஒரு நாளும் நான் சொறிஞ்சதில்ல. இங்கன பாருங்க."

சொன்னதோடு நில்லாமல் கிளையிலிருந்து ஒரு புழுவை வெறுங்கையால் எடுத்து முழங்கைக்குள் விட்டாள். அது அவள் கையில் மெதுவாக ஏறிப் போனது. ஒரு சிவப்பும் இல்லை, தடிப்பும் இல்லை.

ரூபிக்குள் ஏதோ ஒன்று தயங்கியது. லைமான்ட்ரியாவாக இருந்தால் மயிர் இன்னும் அடர்த்தியாக, கொத்துக் கொத்தாக இருக்க வேண்டும். இதில் நீளமாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் கடிதம் போய்விட்டது. கேட்டில் நின்று ஜெயபிரியாவும் இரண்டு தாய்மார்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குப் பழகிப் போயிருக்கும்க்கா. சின்னப் பிள்ளைங்களுக்குத் தாங்காது" என்றாள்.

"ஒரே ஒரு தடவ நல்லா பாத்துச் சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா நிப்பாட்டிருவாங்க."

"பாத்துட்டேன்க்கா."

அடுத்த புதன்கிழமை மரத்தை வெட்டினார்கள். காலையில் ஆரம்பித்து மூன்று மணிக்குள் அடிமரம் மட்டும்தான் மிச்சம். ஜெயபிரியா படம் அனுப்பி நன்றி சொன்னார். ரூபி அதைத் தன் மாணவர்களிடம் காட்டி, 'பூச்சியை அடையாளம் காண்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை' என்று வகுப்பில் பத்து நிமிடம் பேசினாள்.

வீட்டில் டப்பாவுக்குள் இருந்த நாலு புழுக்களும் தினமும் போட்ட அத்தி இலையைத் தின்று பெருத்தன. பிறகு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அடியில் போட்டிருந்த மண்ணுக்கும் சருகுக்கும் நடுவே போய் மெல்லிய கூடு கட்டிக்கொண்டன. கூடு கட்டிய பன்னிரண்டாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே டப்பாவைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

நாலில் மூன்று அந்துப்பூச்சியாகி, டப்பா வாயில் கட்டியிருந்த வலைத்துணியைப் பிடித்துத் தொங்கின. பழுப்பு நிற முன்சிறகு, அதில் வெளிறிய நரம்புகள், நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. சிறகு தொடங்கும் இடத்தில் ஆரஞ்சு நிறம், அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். ஒன்று லேசாகச் சிறகை விரித்தது. பின்சிறகும் வயிறும் முழுக்க ஆரஞ்சு.

அசோட்டா கேரிகே. புத்தகத்தைப் புரட்டத் தேவையே இல்லை. அவள் பட்டியலிலேயே நாற்பத்தி மூன்றாவதாக இருந்தது. கல்லூரி விளக்கடியில் இதே பூச்சியை எத்தனையோ தடவை படமெடுத்திருக்கிறாள். ஆனால் அதன் புழுவை அவள் கண்டதில்லை. அத்தி, ஆல், அரசு இலைகளைத் தின்னும் புழு. அதன் மயிர் பிள்ளைகளை இப்படித் தடிக்க வைக்காது. குழல்வாய்மொழி சொன்னது அத்தனையும் சரி. கூட்டமாகத் தின்னும், தரைக்கு இறங்கும், மண்ணில் கூடு கட்டும், மரம் திரும்பத் தழைக்கும்.

கணவன் பெஞ்சமின் செங்கோட்டை ரயில் நிலையத்தில் வேலை செய்பவன். டிபன் டப்பாவை எடுக்க வந்தவன் குனிந்து பார்த்தான்.

"ஏட்டி ரூபி, அழகால்லா இருக்கு! அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. தலைவலி."

அவள் படம் எடுக்கவில்லை. கல்லூரிக்குப் போகும் வழியில், இலஞ்சி தாண்டி ஓடைக்கரையில் நின்ற ஓர் அத்தி மரத்தடியில் டப்பாவைத் திறந்துவிட்டாள். பூச்சிகள் இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டன. முட்டையிட வேறு அத்தி வேண்டுமே என்று அந்த மரத்தைத் தேடிப் போனாள் என்பது உண்மை. வீட்டில் அவை இருக்கக் கூடாது என்று நினைத்தாள் என்பதும் உண்மை.

இரண்டு நாள் கழித்து ஜெயபிரியா கூப்பிட்டார்.

"மேடம், மரத்த வெட்டி ரெண்டு வாரம் ஆச்சு. அரிப்பு நிக்கவே மாட்டேங்குது. இன்னும் அஞ்சு பிள்ளைங்களுக்கு வந்திருக்கு. என்ன செய்யட்டும்?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"மயிர் காத்துல, சுவர்ல எல்லாம் ஒட்டியிருக்கும் மேடம். நல்லா பெருக்கித் தண்ணி ஊத்திக் கழுவுங்க. கொஞ்ச நாள் ஆகும்."

பேசி முடித்ததும் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். இவ்வளவு சுலபமாகப் பொய் வந்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. நாளைக்குக் கூப்பிட்டுச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த 'நாளைக்கு' ஒன்பது நாள் தள்ளிப் போனது.

ஒன்பதாம் நாள் வந்த செய்தி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் சுஜிதாவுக்குக் கண் வீங்கி, திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்பது. கருவிழியில் பூச்சி மயிர் குத்தியிருப்பதாக டாக்டர் சொன்னாராம்.

ரூபி அன்று கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, எங்கே அரிக்கிறது என்று காட்டச் சொன்னாள். இதை அவள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மரத்திலிருந்து விழுந்ததென்றால் கழுத்திலும் தோளிலும் இருக்க வேண்டிய தடிப்பு, இந்தப் பிள்ளைகளுக்குத் தொடையின் பின்பக்கம் இருந்தது. முன்கையின் அடிப்பக்கம் இருந்தது. பெஞ்சில் உட்காரும்போது எது படுமோ அங்கேதான் எல்லாம்.

"சுஜிதாவுக்கு எப்படி ஆச்சு?"

"பென்சில் விழுந்துட்டு மிஸ். பெஞ்சுக்கு அடியில பூந்து எடுத்தா. அப்புறம் கண்ணக் கசக்குனா" என்றது ஒரு பெண் குழந்தை.

ரூபி பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஒரு பெஞ்சைக் கவிழ்த்தாள். பலகையின் அடியில், சட்டங்களின் மூலைகளில், வைக்கோல் நிறத்தில் கூடுகள். ஒவ்வொன்றும் ஒட்டகத்தின் முதுகுபோல் இரண்டு திமிலோடு இருந்தது. கூட்டைச் சுற்றி நுண்ணிய மயிர் சிலிர்த்து நின்றது, உதிர்ந்து பலகை இடுக்குகளிலும் விளிம்பிலும் ஒட்டியிருந்தது. எல்லாம் காலிக் கூடுகள். பூச்சி வெளியேறிப் பல வாரம் ஆகியிருக்கும். கம்பளிப்பூச்சி தன் மயிரையே சேர்த்துக் கட்டிவிட்டுப் போன கூடு, பூச்சி போன பிறகும் குத்தும்.

டிரபலா விஷ்ணு. பெண் பூச்சி பச்சை மஞ்சளில் இலை மாதிரியே இருக்கும். வாதாம் மரத்து இலையைத் தின்று வளரும். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பள்ளி வளாகத்துக்குள்ளேயே நின்றது ஒரு வாதாம் மரம்.

"மே மாசம் இந்தப் பெஞ்சு எல்லாம் எங்க இருந்தது?" என்று ஜெயபிரியாவிடம் கேட்டாள்.

"பெயின்ட் அடிக்கன்னு எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டோம். வாதாம் மரத்தடியிலதான். ஒரு மாசம் கெடந்துச்சு."

ரூபி எல்லாவற்றையும் சொன்னாள். அத்தி மரத்துப் புழு வேறு, அது பிள்ளைகளுக்குக் கேடு செய்யாது, மரத்தை வெட்டியிருக்கவே வேண்டாம், அது தனக்குப் பதினோரு நாளாகத் தெரியும் என்பது வரை. ஜெயபிரியா முதலில் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? பெஞ்ச எல்லாம் நாமளே கழுவிருவோம். அரிப்பு நின்னுரும். மரத்தாலதான் வந்துச்சுன்னே இருந்துட்டுப் போகட்டும். இப்ப மாத்திச் சொன்னா உங்களுக்கும் கெட்ட பேரு, மனு குடுத்த எனக்கும் கெட்ட பேரு. மரமா திரும்பி வரப் போகுது?"

அந்தப் பேச்சு காதுக்கு இதமாக இருந்தது என்பதை நினைத்துத்தான் பிற்பாடு ரூபி அதிகம் கூசினாள். அப்போது கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளும் ஜெயபிரியாவும் சாயங்காலம் வரை பெஞ்சுகளைக் கவிழ்த்து, ஈரத்துணியால் கூடுகளைப் பிய்த்து எடுத்து, வாளியில் போட்டு எரித்தார்கள். முப்பத்தி நாலு பெஞ்சு.

அன்று வீட்டுக்கு வந்து பெஞ்சமினிடம் சொன்னாள்.

"தெரியாமச் செஞ்சதுதான? விடு" என்றான்.

"மொதல்ல செஞ்சது தெரியாம. அதுக்கப்புறம் பதினோரு நாள் தெரிஞ்சே செஞ்சேன். அந்தப் பிள்ள கண்ணுல குத்துனது இதுக்கு நடுவுலதான்."

பெஞ்சமின் அடுக்களைக்குப் போனான். சாப்பாட்டை எடுத்து வைத்தான். அவள் தட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போனாள். ஆனால் உள்ளே போகவில்லை. குழல்வாய்மொழியின் கடை வெட்டப்பட்ட மரத்தின் அருகில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. நாலு மூங்கிலில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய். ரம்புட்டான் வெயிலில் வாடிக் கறுத்திருந்தது. பள்ளி இடைவேளை மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட வந்து மாங்காய் வாங்கவில்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

குழல்வாய்மொழி நிமிர்ந்து பார்த்தாள். ரூபி நின்றபடியே சொன்னாள். பூச்சிப் பெயரெல்லாம் இல்லாமல், 'நீங்க சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு' என்று ஆரம்பித்து, வாதாம் மரம், பெஞ்சு, பதினோரு நாள் எல்லாவற்றையும். அழுதால் இவள் தனக்கு ஆறுதல் சொல்ல நேருமே என்று பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

குழல்வாய்மொழி பழத்தின்மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

"எங்கையில ஏத்திக் காமிச்சேம்லா டீச்சர்?"

"காமிச்சீங்க."

"பாத்துட்டேன்னு சொன்னீக."

"சொன்னேன். பாக்கல."

"மரம் போச்சுன்னுகூட நான் வருத்தப்படல. பேரூராட்சி எடம், நாளைக்கு ரோட்டுக்குன்னாலும் வெட்டுவாங்க. ஆனா இங்கன என்ன பேச்சு பேசுதாக தெரியுமா? யாவாரத்துக்காக வெசப்பூச்சி மரத்த மறைச்சு வச்சிருந்தா இவ, தெரிஞ்சே பிள்ளையளக் கொல்லப் பாத்தான்னு. முந்தாநேத்து சுஜிதா அம்மா முத்துலட்சுமி இங்க வந்து நின்னுக்கிட்டு மண்ண வாரித் தூத்துதா. எம்பேத்தி வயசு அந்தப் பிள்ளைக்கு. நான் என்ன பதில் சொல்ல?"

ரூபிக்கு இது தெரியாது. மரம், புழு, தன் கடிதம், தன் பெயர் என்று இத்தனை நாள் நினைத்துக் குமைந்தவளுக்கு, இந்தப் பெண்ணின் பெயர் ஒரு தடவைகூட மனதில் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான் பேரூராட்சிக்கு எழுதிக் குடுத்திருதேன்க்கா. என் கடிதம் தப்புன்னு. வாட்ஸ்அப் குரூப்புலயும் போடுதேன்."

"அத யாரு படிக்கா? சனிக்கிழம பெத்தவங்க கூட்டம் இருக்கு. அங்கன வந்து எல்லாரு முன்னாலயும் வாயால சொல்லணும். நானும் வருவேன்."

"சொல்லுதேன்" என்றாள் ரூபி. இத்தனை வருடம் கல்லூரித் தமிழ் பேசிப் பழகிய வாயில் ஊர்ப் பேச்சு தானாக வந்திருந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஜெயபிரியா ரூபியை நிமிர்ந்தே பார்க்கவில்லை. குழல்வாய்மொழி கடைசி வரிசையில் வாசலை ஒட்டி நின்றாள். ரூபி எழுந்து, எரிக்காமல் எடுத்து வைத்திருந்த இரண்டு கூடுகளைப் போட்டு மூடிய கண்ணாடிப் புட்டியைக் காட்டி, பிள்ளைகளுக்கு அரிப்பு வந்தது இதனால்தான் என்றாள். அத்தி மரத்துப் பூச்சி அப்பாவி என்றாள். "மரத்த வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்தது நான். சரியா பாக்காம எழுதினேன். தப்புன்னு தெரிஞ்ச பெறகும் பதினோரு நாள் வாயத் தெறக்கல. தெறந்திருந்தா சுஜிதா கண்ணுக்கு இது வந்திருக்காது. குழல்வாய்மொழி அக்கா மொத நாளே எங்கிட்ட உண்மையச் சொன்னாங்க. நான் கேக்கல. அவங்கமேல ஒரு தப்பும் இல்ல."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "காலேஜ்ல இதத்தான் நடத்துதீகளோ?" என்றார் இன்னொருவர். வேறு யாரோ, வாதாம் மரத்தையும் வெட்டிரலாமா என்று கேட்டார். "வேண்டாம். பெஞ்ச அதுக்கு அடியில போடாம இருந்தாப் போதும்" என்று ரூபி சொல்லி முடிப்பதற்குள் முத்துலட்சுமி எழுந்து முன்னால் வந்தாள். அடிக்க வருகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ரூபியும் அப்படித்தான் நினைத்தாள், விலகாமல் நின்றாள்.

"எம்பிள்ள இருவது நாளைக்கு வெயில பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் முத்துலட்சுமி. "கண்ணு தப்பிச்சுது. தப்பலன்னா என்ன செஞ்சிருப்பீக?"

முத்துலட்சுமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராகப் பின்வரிசைக்குப் போய்க் குழல்வாய்மொழியின் முன்னால் நின்று, ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். குழல்வாய்மொழி தலையை மட்டும் அசைத்தாள்.

கூட்டம் முடிந்து ரூபி வெளியே வந்தபோது மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தென்காசிக்கு மினி பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. நிற்க நிழல் எங்கும் இல்லை. சாலையோரம் நின்றாள். கூட்டத்திலிருந்து வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். கைபேசியை எடுத்துப் பார்ப்பது போலப் பாவனை செய்யக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"டீச்சர்" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. குழல்வாய்மொழி பழக்கூடையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "அங்கன நின்னா கட மறையுது. யாவாரம் பாக்க வேண்டாமா? இப்படி உள்ள வந்து நில்லுங்க."

ரூபி தார்ப்பாய்க்குள் போய், மூங்கிலை ஒட்டி ஒடுங்கி நின்றாள். உட்கார் என்று குழல்வாய்மொழி சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை. ஒரு தாயும் பிள்ளையும் வந்து மாங்காய்க் கீற்று வாங்கிப் போனார்கள். பஸ் வரும் வரை ரூபி அங்கேயே நின்றாள்.